தங்க இடம், படிக்க நேரம்

1904-ஆம் ஆண்டு, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஆண்கள் மட்டுமே படித்துவந்தார்கள். கல்லூரி முதல்வர் சம்மதிக்கவில்லை. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுப்போகும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவருடைய தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர் என்பதையும் சேர்த்துப் பேசினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டுச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். வகுப்பறையில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை கட்டப்பட்டது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்ட அந்தப் பெண் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-இல் மருத்துவரானார், 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் எழுபதுகளின் இறுதியில், 1964-இல், அவர் தம் வாழ்க்கைக் கதையை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

அந்தத் தன்வரலாற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘முதல்’களை எண்ணுகிறார்கள். கல்லூரியில் முதல் பெண், மேலவையில் முதல் பெண். எண்ணத் தகுந்தவைதான். ஆனால் பெண் கல்விக்கான போராட்டம் எங்கே நடந்தது என்ற கேள்வியோடு அந்த வாழ்க்கையைப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் பெரிதாகத் தெரிகின்றன. பையன்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் இருந்தவர் என்பதால் படிப்பு வீட்டுக்குள் தொடர்ந்தது. ஊர் வழக்கப்படி சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் கவலை; அந்தக் கவலையை மகள் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அதற்குள் அவருக்கு இருபத்தேழு வயது ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அந்த வயதுப் பெண்கள் பலர் நான்கைந்து பிள்ளைகளுக்குத் தாயாகியிருப்பார்கள்.

படிக்கும் திறமையில் அவருக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. திறமைக்கு வெளியே இருந்தவைதான் அவரை நிறுத்தப் பார்த்தன: வயது, கல்யாணம், வகுப்பில் உட்காரும் இடம், பணம். பாகிஸ்தானின் மலாலா யூசுப்சாய் 2013-இல் வெளியிட்ட தன்வரலாறும் இதையே வேறொரு மண்ணிலிருந்து சொல்கிறது. அவருடைய தந்தையே பள்ளி நடத்தியவர். வீட்டில் தடையில்லை, வகுப்பில் தடையில்லை. 2012 அக்டோபர் 9 அன்று அவரைச் சுட்டவர்கள் பள்ளி வண்டியில் ஏறிச் சுட்டார்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்தப் பாதையில்தான் ஒரு பெண்ணின் படிப்பு எப்போதும் ஆபத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி இதைத் தம் அனுபவத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நாட்டின் கணக்காகவும் பார்த்தார். சைமன் குழுவின் துணையாக 1928-இல் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹார்டாக் குழுவில் அவர் உறுப்பினர். 1929-இல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பகுதி எழுத்தறிவு நிலைப்பதற்குள் விலகிவிடுவதை ‘விரயம்’ என்றும், ஒரே வகுப்பில் நின்றுவிடுவதைத் ‘தேக்கம்’ என்றும் பெயரிட்டுச் சுட்டியது. சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் வழக்கத்துக்கு அந்த அறிக்கை வைத்த கேள்வி இன்றைக்கும் பழையதாகிவிடவில்லை. பெயர்ப் பதிவேட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று. எங்கே, எதனால் நின்றுபோனார்கள் என்பது வேறொன்று.

மேலவையில் அவர் கொண்டுவந்தவற்றில் தேவதாசி முறைக்கு எதிரான சட்ட முயற்சி எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி திறக்க அவர் கொண்டுவந்த தீர்மானம். அது ஒருமனதாக நிறைவேறியது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உதவித்தொகை கிடைக்கவும் பாடுபட்டார். பள்ளி திறப்பது போதாது, பள்ளிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் இரவு தூங்க ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் சட்டமன்ற மொழியில் சொன்னார். பிறகு அதே பிரச்சினை அவருடைய வீட்டு வாசலுக்கே வந்தது. 1930-இல் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் அடைக்கலம் கேட்டு வந்து நின்றார்கள். அப்போதிருந்த விடுதிகள் சாதிவாரியாக நடந்தவை. அங்கே அவர்களுக்கு மரியாதையான இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. சாதி கேட்காமல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு படிக்கவைத்த அந்த இல்லம் பின்னர் அடையாற்றில் நிலைத்து இன்றும் நடக்கிறது.

விடுதிதான் பெண் கல்வியின் முதுகெலும்பு என்பதைத் தமிழர்களின் வரலாறு அதற்கு முன்பே காட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் விடுதிப் பள்ளி 1824-இல் அமெரிக்க மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. ஆசியாவின் பழைமையான பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று. அங்கே உணவும் உடையும் கொடுத்தார்கள், படிப்பை முடித்த பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். சீதனம் இல்லையென்றால் பெண்ணை நடுவில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அந்த மிஷனரிகளுக்குப் புரிந்திருந்தது. மதமாற்றம் அவர்களுடைய நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பெண்ணைப் படிப்பிலிருந்து இழுக்கும் கயிறு எது என்று அவர்கள் சரியாகப் பார்த்திருந்தார்கள். 1889-இல் பண்டித ரமாபாய் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனும் விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் இல்லம்தான்.

சென்னையில் இதைச் செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் மணமாகி, சிறுமியாக இருக்கையிலேயே விதவையானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். பட்டம் வாங்கியதும் அவர் முதலில் செய்தது, எழும்பூரில் ஒரு வீட்டில் தம்மைப் போன்ற சில பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. வீடு போதாமல் போனதும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய, கடற்கரையோர ஐஸ் ஹவுஸுக்கு விடுதி மாறியது. விதவை எதிரே வந்தால் அபசகுனம் என்று முகம் திருப்பிய ஊரில், அந்த வட்டமான கட்டடத்திலிருந்து பெண்கள் வரிசையாகப் பள்ளிக்கு நடந்துபோனார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகளாகி, மாகாணத்தின் மகளிர் பள்ளிகளுக்கே ஆசிரியர் கிடைக்க வழி பிறந்தது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்பது அதன் பெரிய குறை. 1927-இல் சாரதா வித்யாலயத்தின் மூலம் சுப்புலட்சுமியே அந்த எல்லையைத் தாண்டினார். இவர் தன்வரலாறு எழுதவில்லை. அவர் வாழ்க்கையை 1966-இல் நூலாக்கியவர் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தமிழில் இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரிவாக எழுத இன்னும் நிறைய இடமிருக்கிறது.

இத்தனையையும் ஸ்ரீபெரும்புதூரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இன்று வெளியூர்ப் பெண்கள் பெருங்கூட்டமாக விடுதிகளில் தங்கியிருக்கும் பகுதிகளில் முக்கியமானது இந்தத் தொழிற்பகுதி. 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது, கைபேசி பூட்டும் வரிசைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இருபதுகளின் நடுவிலேயே அவர்கள் ‘முன்னாள் தொழிலாளி’ ஆனார்கள். பிறகு அதே பகுதியிலுள்ள சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன் தயாரிப்பைத் தொடங்க, அந்தக் கூட்டம் பல மடங்கானது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது.

விடிவதற்குள் சுங்குவார்சத்திரம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சின்னப் பை, காய்ந்தும் காயாத தலைமுடி. இரவு ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்களும் காலை ஷிப்டுக்கு ஏறுகிறவர்களும் எதிரெதிரே கடந்துபோவார்கள். ஊர் கேட்டால் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தருமபுரி என்பார்கள். படிப்பு கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: “பிளஸ் டூ முடிச்சிருக்கேன் சார்.” சிலர் டிப்ளமோ, சிலர் பட்டம். எழுத்தறிவில்லாத பெண்ணை இந்த வரிசைகளில் பார்க்க முடியாது. ஆலை கேட்கும் தகுதியே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிதான்.

ஹார்டாக் குழு 1929-இல் நான்காம் வகுப்பைத் தாண்டுவதைப் பற்றிக் கவலைப்பட்டது. விவசாயக் கூலி வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பது இன்று செய்தியே அல்ல. சத்துணவு, சைக்கிள், பாடநூல், ஊருக்கு ஊர் மேல்நிலைப் பள்ளி, மாணவர் விடுதி என்று நூறாண்டுப் போராட்டம் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்குமான விகிதம் 28.4. இது சாதாரண சாதனை இல்லை. ஆனால் 47-க்கு வெளியே இருக்கிற பாதிப் பேர் எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பதில் இந்தப் பஸ்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஆலையைப் பெண் கல்வியின் எதிரியாக்கிப் பேசுவது எளிது. அது உண்மையும் இல்லை. பதினெட்டு வயதில் தன் பெயரில் வங்கிக் கணக்கு, மாதாமாதம் விழும் சம்பளம், ஊரைவிட்டு வந்து தனியாகச் சமாளிக்கும் துணிச்சல் இவையெல்லாம் பாட்டிக்கும் அம்மாவுக்கும் கிடைக்காதவை. இந்தச் சம்பளத்தில் தம்பி பொறியியல் படிக்கிறான், அப்பாவின் கடன் அடைகிறது, பல வீடுகளில் கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போகிறது. முத்துலட்சுமி ரெட்டி தாயாரோடு வாதாடிப் பெற்ற கால அவகாசத்தை, இந்தப் பெண்கள் சம்பளத்தைக் காட்டிப் பெறுகிறார்கள். எனக்குள்ள ஆதங்கம் வேறு. அப்படிப் பெற்ற அவகாசம் படிப்புக்குப் பயன்படும்படி எந்த ஏற்பாடும் நாம் செய்யவில்லை.

விடுதியையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் தங்கியிருந்த ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-இல் மீண்டும் திறந்தது. இடையே வெளிவந்த செய்திகள், ஒரே அறையில் பலர் தரையில் படுத்ததையும், தண்ணீர் வராத கழிப்பறைகளையும் நாட்டுக்குச் சொன்னன. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சாலையில் உட்கார்ந்த அந்த ஓர் இரவுதான் அரசையும் நிறுவனங்களையும் விடுதி பற்றி யோசிக்கவைத்தது என்பது என் கணிப்பு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இவ்வளவு பெரிய மகளிர் விடுதியை ஐஸ் ஹவுஸ் காலத்தில் யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

படுக்கை, குடிநீர், பாதுகாப்பு, மருத்துவ உதவி எல்லாம் தேவை, கிடைப்பது நல்லது. ஆனால் ஒரு விடுதியை எதற்காகக் கட்டுகிறோம் என்பது அதன் நேர அட்டவணையில் தெரியும். சுப்புலட்சுமியின் விடுதியில் நாள் பள்ளி மணியைச் சுற்றி நடந்தது. ஆலைப் பகுதி விடுதிகளில் அது ஷிப்டைச் சுற்றி நடக்கிறது. காலை ஷிப்டு, மதிய ஷிப்டு, இரவு ஷிப்டு என்று முறை மாறிக்கொண்டே இருக்கும்போது மாலைக் கல்லூரிக்குப் போக முடியாது. அதனால் படிக்க ஆசைப்படுகிறவர்கள் ‘கரஸ்’ எடுக்கிறார்கள். தொலைநிலைக் கல்விதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு, அன்றைக்கு ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு. தேர்வு வேலைநாளில் வந்தால் லீவு கேட்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 240 நாள் வேலை செய்தவர்க்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. தேர்வுக்கு விடுப்பு என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை. 240 நாள் நிறைவதற்குள் ஆள் மாற்றப்பட்ட காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த விடுப்பும் எட்டவில்லை.

2023 ஏப்ரலில், ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே மாதப் பிறப்போடு அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். அப்போதைய விவாதம் உடல் களைப்பைப் பற்றியும் கூலியைப் பற்றியும் நடந்தது. மீதமிருக்கும் மணி நேரத்தில் ஒரு பெண் என்ன படிக்கக்கூடும் என்ற பேச்சு எழவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

கல்யாணமும் இங்கே விடாமல் துரத்துகிறது. மணமான பெண்கள் ஐபோன் ஆலை வேலைக்குச் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் புலனாய்வு வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நூறு வருடங்களுக்கு முன்னால் கல்யாணம் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது. அந்தச் செய்தி சரியென்றால், கல்யாணம் இன்று அவளை ஆலை வாசலில் நிறுத்துகிறது. மணமாகும் வரைதான் வேலை என்ற நிலையில், அந்த ஐந்தாறு வருடத்தில் ஒரு பட்டமோ பட்டயமோ கையில் சேராவிட்டால், இருபத்தாறு வயதில் அவள் மறுபடியும் வெறும் பிளஸ் டூ.

அரசு இதையெல்லாம் அறியாமல் இல்லை. 1989-இல் மு. கருணாநிதி ஆட்சியில் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் தந்தது. தகுதி பின்னர் பத்தாம் வகுப்பானது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. உடுவில் மிஷனரிகளின் சீதனத்தில் இருந்த அதே தர்க்கம்: கல்யாணச் செலவுப் பயத்தைக் குறைத்தால் படிப்பு நீளும். தேவதாசி முறைக்கு எதிராகத் தம் வாழ்க்கையையே வைத்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் ஒரு கல்யாணத் திட்டத்தில் இருந்தது எனக்கு எப்போதும் உறுத்தல்தான். 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. பணத்தைக் கல்யாணத்திலிருந்து கல்லூரிக்குத் திருப்பிய இந்த முடிவு, பெண் கல்வி வரலாற்றில் பெரிய திருப்பம் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒன்று, தொலைநிலைக் கல்வியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது என்கிறது. திட்டம் எழுதியவர்கள் மனத்தில் காலையில் கல்லூரி பஸ் ஏறும் பெண் இருந்திருக்கிறாள். கம்பெனி பஸ் ஏறிக்கொண்டே ‘கரஸில்’ பி.காம். படிக்கும் பெண் இருந்ததாகத் தெரியவில்லை. இருவரும் ஒரே அரசுப் பள்ளியின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் கொஞ்சம் வசதி இருந்தவள் கல்லூரிக்குப் போனாள், அவளுக்கு மாதம் ஆயிரம். அந்த வசதியும் இல்லாதவள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை. வேலை பார்க்கிறவளுக்குச் சம்பளம் வருகிறதே என்று ஒரு வாதம் சொல்லலாம். அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி ஊருக்குப் போய்விடும் என்பது அவள் அம்மாவைக் கேட்டால் தெரியும்.

இந்த விதியை நீக்க ஒரு அரசாணை போதும். வல்லம் வடகாலில் ஒரு கட்டடத்தின் ஒரு தளத்தையாவது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கற்றல் மையமாக்கலாம். இரவு ஷிப்டு முடித்து வருகிறவளுக்குக் காலை பத்து மணிக்கும், காலை ஷிப்டு முடித்தவளுக்கு மாலை ஐந்து மணிக்குமாக ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்தினால் போதும். தேர்வு மாதத்தில் ஷிப்டு மாற்றாமல் இருப்பதும், தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், நிலமும் சலுகைகளும் பெற்று வரும் நிறுவனங்களோடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையாக இடம்பெற வேண்டும். நில விலை, மின்கட்டணம், வரிச் சலுகை என்று எத்தனையோ நிபந்தனைகளுக்கு அந்த ஒப்பந்தங்களில் இடமிருக்கிறது.